தேர்தல் பணிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: வாக்காளரைச் சரிபார்த்து ஓட்டுப் போட விடுவது எப்படி

தேர்தல் பணி ஆணை கைக்கு வந்ததும் டெல்டா பள்ளிகளின் ஆசிரியர் அறையில் கிளம்பும் முதல் கேள்வி, "எந்தத் தொகுதி போட்டிருக்காங்க?" என்பதுதான். ஒரத்தநாட்டுக்காரருக்குத் திருவிடைமருதூர் விழும், கும்பகோணத்துக்காரருக்குப் பேராவூரணி விழும். அடுத்த கேள்வி, "பி1-ஆ, பி2-ஆ?", அதாவது சாவடியில் முதல் வாக்குப்பதிவு அலுவலரா, இரண்டாமவரா என்பது. இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

பயிற்சி வகுப்பில் பெரும்பாலும் இயந்திரத்தைத்தான் காட்டுவார்கள். எந்தக் கம்பியை எங்கே சொருகுவது, எந்த சீலை எங்கே ஒட்டுவது என்று மணிக்கணக்காகப் போகும். அதுவும் தேவைதான். ஆனால் பதினொரு மணி நேரம் உங்களை வறுத்தெடுக்கப் போவது இயந்திரம் இல்லை, மேசைதான். யார் வந்திருக்கிறார், பட்டியலில் இருப்பவர் இவர்தானா, இவருக்கான ஓட்டு இவருக்கு மட்டும், ஒரே ஒரு முறைதான் திறந்துவிடப்பட்டதா என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. ஆகவே இந்த வழிகாட்டி மேசைகளைப் பற்றியது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான நடைமுறையைச் சொல்கிறேன். உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாகக் கொஞ்சம் பின்னால் வரும்.

முதலில் ஒரு கணக்கு

காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை என்றால் 660 நிமிடம். ஆயிரம் பேர் வந்தால் ஆளுக்கு 40 நொடி. போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடியில் சீட்டு தெரிவது 7 நொடி. அதோடு மறைவிடத்துக்கு நடந்து போய், சின்னத்தைத் தேடி, பட்டனை அழுத்தித் திரும்பும் நேரத்தைச் சேர்த்தாலும் அங்கே பெரிய தேக்கம் வராது. தேக்கம் வருவது இரண்டாவது மேசையில், 17ஏ எனும் வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் இடத்தில்தான். அங்கே வேகமாக எழுதக்கூடியவரை உட்கார வையுங்கள். சாவடிக்குப் பொறுப்பான தலைமை அலுவலர் முந்தின நாள் இரவே இதைப் பேசி முடித்துவிட்டால் நல்லது.

ஆயிரம் பேரும் சீராக வருவதும் கிடையாது. வயல் வேலைக்குப் போகும் பெண்கள் ஏழு மணிக்கு முன்பே வாசலில் நிற்பார்கள். வெயில் ஏறினால் சாவடி காலியாகி, நாலு மணிக்கு மேல் மறுபடி நிறையும். நாகப்பட்டினம் கடற்கரைச் சாவடிகள் வேறு மாதிரி. 2021 ஏப்ரல் 6-இல் தேர்தல் வந்தபோது படகுகள் கடலுக்குப் போகிற காலம். 2024-இல் ஏப்ரல் 19. அதற்கு நாலு நாள் முன்பே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் படகுகள் கரையில். தேதியைப் பார்த்தாலே கூட்டம் எப்போது வரும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

விடியற்காலை: மாதிரி வாக்குப்பதிவும் மேசை அமைப்பும்

வாக்குப்பதிவு தொடங்க 90 நிமிடம் முன்பே வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு, நோட்டாவையும் சேர்த்து ஒவ்வொரு பட்டனுக்கும். முடிந்ததும் கட்டுப்பாட்டுக் கருவியில் குளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற வரிசையில் அழுத்த வேண்டும். கிளியர் அழுத்த மறந்தால் அந்த 50 ஓட்டும் உண்மையான ஓட்டுகளோடு கலந்துவிடும். அன்று நடக்கக்கூடிய தவறுகளில் இதுதான் பெரியது. கிளியர் செய்தபின் மொத்தம் சுழியம் என்று முகவர்கள் கண்ணால் பார்க்கட்டும். விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வையுங்கள். அப்புறம்தான் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பச்சைத் தாள் சீல்.

வகுப்பறையில் மேசைகளை வாக்காளர் நடக்கும் திசையிலேயே போடுங்கள். உள்ளே வருபவர் பி1, பி2, பி3, மறைவிடம் என்று ஒரே பக்கமாகப் போய் வெளியேற வேண்டும். குறுக்கே யாரும் திரும்பி வரக்கூடாது. ஒரு கதவுதான் என்றால் நடுவில் கயிறு கட்டிவிடுங்கள். முகவர்களுக்கு, வாக்காளரின் முகம் தெரியும்படியும் மறைவிடத்துக்குள் எதுவும் தெரியாதபடியும் இடம் கொடுக்க வேண்டும்.

மறைவிடத்தை ஜன்னலோரம் வைக்காதீர்கள். ரகசியம் ஒரு காரணம். கிழக்குப் பார்த்த ஜன்னலில் காலை வெயில் நேராக விவிபேட் மேல் விழுந்தால் கருவி மக்கர் பண்ணும் என்பது இன்னொரு காரணம். மின்விளக்குக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

மைக்குப்பி கவிழாமல் இருக்க ஒரு டம்ளரில் மணல் போட்டு அதில் குப்பியைப் புதைத்து வையுங்கள். கையேட்டிலேயே இப்படித்தான் இருக்கிறது. ஆற்றோரத்து ஊர்களில் மணலுக்கா பஞ்சம் என்று நினைப்பீர்கள். காவிரியில் இன்று அதுவும் பஞ்சம்தான். பள்ளி வளாகத்தில் ஒரு கைப்பிடி கிடைக்கும்.

முதல் மேசை: ஆள் யார்?

பி1 கையில் வாக்காளர் பட்டியலின் குறியிடும் பிரதி இருக்கும். வேலை மூன்று: பட்டியலில் பெயரைக் கண்டுபிடிப்பது, ஆளைச் சரிபார்ப்பது, பெயரையும் வரிசை எண்ணையும் முகவர்கள் காதில் விழும்படி சத்தமாகப் படிப்பது.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். வரிசை எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே தெருவில் இரண்டு பக்கிரிசாமி இருப்பார்கள், இரண்டு பேருக்கும் அப்பா பெயர் கோவிந்தசாமியாகவும் இருக்கும். வேளாங்கண்ணிப் பக்கம் போனால் ஒரே பக்கத்தில் மூன்று ஆரோக்கியமேரி. பூத் ஸ்லிப்பில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும், நேராக அந்தக் கட்டத்துக்குப் போய்விடலாம். ஸ்லிப் இல்லாமல் வந்தால் உங்கள் மேசையில் நிறுத்தி வைத்துக்கொண்டு பக்கம் புரட்ட வேண்டாம். வாசலில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் அகரவரிசைப் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். "அவருகிட்ட நம்பர் வாங்கிட்டு வாங்கம்மா" என்று அனுப்பினால் ஒரு நிமிடத்தில் திரும்பி வருவார்கள்.

பூத் ஸ்லிப் வழிகாட்டும் சீட்டு மட்டும்தான், அடையாள ஆவணம் இல்லை. வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் போதும். இல்லாதவர்கள் காட்டக்கூடியவை: ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படத்துடன் கூடிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், படம் ஒட்டிய ஓய்வூதிய ஆவணம், மத்திய மாநில அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர் அட்டை, தொழிலாளர் அமைச்சகத்தின் மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை, இன்னும் ஒன்றிரண்டு. முழுப் பட்டியலும் பொருட்களோடு வரும், மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நம் ஊரில் நிறையப் பேர் கொண்டுவருவார்கள்: ரேஷன் கார்டு. அதுவும் ஸ்மார்ட் கார்டாக மாறிய பிறகு, "படம் இருக்கு, அரசு முத்திரை இருக்கு, இது செல்லாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டே தீருவார். செல்லாது. ஆனால் சும்மா விரட்டாதீர்கள். "ஐயா, பேங்கு பாஸ்புக் இருக்குல்ல, போட்டோ ஒட்டினது? அத எடுத்துட்டு வாங்க, வரிசையில நிக்க வேணாம், நேரா வந்துடுங்க" என்று சொன்னால் சண்டை வராது.

அட்டையில் சிறு எழுத்துப் பிழை, வயதில் ஓரிரு வருட வித்தியாசம், பழைய கதவு எண் இவற்றுக்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. ஆள் அவர்தான் என்று தெரிந்தால் போதும். மன்னார்குடியில் வாங்கிய அட்டையோடு பாபநாசத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் வருவார். அவர் பெயர் இந்தச் சாவடிப் பட்டியலில் இருந்தால் அந்த அட்டையே செல்லும். அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. படம் ஆளோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு ஆவணம் கேளுங்கள்.

முகவர் "எனக்குத் தெரிஞ்ச பையன்தான் சார், மேலத்தெரு" என்பார். உதவிதான், நன்றி சொல்லிவிட்டு ஆவணத்தைப் பாருங்கள். கிராமத்துச் சாவடியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் யாரையும் தெரியாது. உங்களை வெளித் தொகுதியில் போட்டதே அதற்காகத்தான்.

ஆள் சரி என்றானதும் பட்டியலில் அவருடைய கட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில் சாய்கோடு. பெண் என்றால் சாய்கோட்டோடு வரிசை எண்ணைச் சுற்றி வட்டம். மூன்றாம் பாலினத்தவருக்கு நட்சத்திரக் குறி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று மண்டல அலுவலர் கேட்பார். அப்போது இந்த வட்டங்கள்தான் கைகொடுக்கும்.

இரண்டாவது மேசை: மை, கையெழுத்து, சீட்டு

இங்கே முதலில் மை, பிறகு கையெழுத்து. வரிசையை மாற்றாதீர்கள். கையெழுத்துப் போட்டு, சீட்டு வாங்கி, ஓட்டுப் போட்டு வெளியே போவதற்குள் மை காய்ந்திருக்க வேண்டும்.

இடது ஆள்காட்டி விரலில், நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை கோடாக இழுக்க வேண்டும். தோலில் மட்டும் பொட்டு வைத்தால் போதாது, நகத்தோடு சேர்ந்து படிய வேண்டும். மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. வெளிச்சம் பட்டுக் கறுத்துப் படியும். மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் 1962 தேர்தலிலிருந்து செய்துகொடுக்கிற அதே மைதான்.

வைப்பதற்கு முன் விரலைப் பிடித்துப் பாருங்கள். ஏற்கெனவே மை இருக்கிறதா என்பது ஒன்று. எண்ணெய் தடவியிருக்கிறதா என்பது இன்னொன்று. எண்ணெய்ப் பசை இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைத்தோப்பில் வேலை செய்கிறவர்கள் விரலில் வாழைக்கறை கறுப்பாகவே இருக்கும். அதைப் பழைய மை என்று நினைத்துக் கேள்வி கேட்டு ஆளைக் கூசவைக்க வேண்டாம். கறை விரல் பூராவும் திட்டுத் திட்டாகப் பரவியிருக்கும், மை நகத்தை ஒட்டிக் கோடாக நிற்கும். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களின் விரல் காய்த்துப்போயிருக்கும். அங்கே நகத்தின் மேல் அழுத்தி இழுங்கள்.

ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு அதே கையில் வேறு விரல். இடது கையே இல்லையென்றால் வலது கை. படையினருக்குப் பதிலாக ஓட்டுப் போட நியமிக்கப்பட்டவர் வந்தால் இடது கை நடுவிரலில் வைக்க வேண்டும். அவருக்குச் சொந்த ஓட்டும் இருக்குமே.

பிறகு 17ஏ பதிவேடு. தொடர் எண், பட்டியல் வரிசை எண், காட்டிய ஆவணத்தின் விவரம், கையெழுத்து அல்லது இடது பெருவிரல் ரேகை. வாக்காளர் அட்டை காட்டினால் சுருக்கமாக எழுதினால் போதும். மற்ற ஆவணம் என்றால் என்ன ஆவணம் என்பதும் அதன் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும். கூட்டமில்லாத நேரத்தில் தொடர் எண்களை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து நொடி மிச்சம். ரேகை வைத்தவரின் பெருவிரலை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மை நேராக இயந்திரத்தின் பட்டனுக்குப் போகும்.

கடைசியாகச் சீட்டு: 17ஏ தொடர் எண், பட்டியல் வரிசை எண், உங்கள் சுருக்கொப்பம். பழைய காலத்து வாக்குச்சீட்டின் இடத்தில் இப்போது இருப்பது இந்தத் துண்டுக் காகிதம்தான். இது இல்லாமல் பி3 யாருக்கும் ஓட்டைத் திறக்கக்கூடாது.

மூன்றாவது மேசை: பேலட் பட்டன்

பி3 சீட்டை வாங்குகிறார், விரலில் மை இருக்கிறதா பார்க்கிறார், மறைவிடம் காலியா பார்க்கிறார், ஓட்டைத் திறந்துவிடும் பேலட் பட்டனை அழுத்துகிறார். கட்டுப்பாட்டுக் கருவியில் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே பச்சை விளக்கு எரியும். வாக்காளர் நீலப் பட்டனை அழுத்த, விவிபேட்டில் சீட்டு தெரிந்து விழ, நீளமாக பீப். சிவப்பு விளக்கு அணையும். அடுத்தவர்.

17ஏ தொடர் எண் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில்தான் ஓட்டும் விழ வேண்டும். 212 தண்ணீர் குடிக்க ஒதுங்கினால் 213 முந்தக்கூடாது. இரண்டாவது மேசைக்கும் மூன்றாவது மேசைக்கும் நடுவில் ஒருவருக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. மணிக்கு ஒருமுறை டோட்டல் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதில் வரும் எண்ணும் 17ஏ-இன் கடைசி எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அந்த நேரம் மறைவிடத்தில் யாரும் இருக்கக்கூடாது. வித்தியாசம் பத்து மணிக்குத் தெரிந்தால் காரணம் நினைவில் இருக்கும், ஆறு மணிக்குத் தெரிந்தால் இருக்காது.

உள்ளே போன பாட்டி வெகுநேரம் வரவில்லை, பீப்பும் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் பட்டனை விட்டுவிட்டுச் சின்னத்தை அழுத்திக்கொண்டிருப்பார். உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். தலைமை அலுவலரிடம் அட்டையில் செய்த மாதிரி இயந்திரம் இருக்கும். வெளியே அழைத்து, முகவர்கள் பார்க்க, "பாட்டி, படத்துக்குப் பக்கத்துல நீலமா இருக்கு பாருங்க, அத அமுக்குங்க" என்று அதில் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும்.

வரிசையில் அடங்காத ஆட்கள்

இனி வருவதெல்லாம் தலைமை அலுவலரின் வேலை. பி1, பி2 இதை இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம். ஆளைத் தனியே உட்காரவைத்துவிட்டு வரிசையை ஓட்டுங்கள்.

*தன் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்துவிட்டது என்பவர்.* சில கேள்விகள் கேட்டு, இவர்தான் உண்மையான ஆள் என்று திருப்தியானால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும். இயந்திரத்தில் போட விடக்கூடாது. 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கி, அம்புக்குறி முத்திரையோடு சீட்டைக் கொடுத்து, அவர் மறைவிடத்தில் குத்தி மடித்துத் தந்ததும் தனி உறையில் வையுங்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. கேட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

*முகவர் ஆட்சேபிக்கும் ஆள்.* "இவர் அவர் இல்லை" என்று முகவர் எதிர்த்தால் 2 ரூபாய் கட்ட வேண்டும். முதலில் நிரூபிக்க வேண்டியவர் ஆட்சேபித்தவர். அவரால் முடியாவிட்டால் ஓட்டுப் போட விடுங்கள். ஆள்மாறாட்டம் நிரூபணமானால் எழுத்துப் புகாரோடு போலீசில் ஒப்படையுங்கள்.

*வராதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் பட்டியலில் இருப்பவர்.* டெல்டாவில் இந்தப் பட்டியல் சிறிசாக இருக்காது. திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் நிறைய. அவர்களில் ஒருவர் தேர்தலுக்கென்று ஊர் வந்து நிற்கலாம், உரிமை உண்டு. தலைமை அலுவலரே ஆவணத்தைப் பார்த்து, கையெழுத்தோடு ரேகையும் வாங்கிக்கொண்டு அனுமதிக்க வேண்டும்.

*துணையோடு வருபவர்.* பார்வையில்லாதவர், உடல் தளர்ந்து தானாகப் பட்டன் அழுத்த முடியாதவர் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். எழுதப் படிக்கத் தெரியாது என்பது காரணமாகாது. துணை வருபவர் அன்று ஒரே ஒருவருக்குத்தான் உதவலாம். உறுதிமொழி வாங்கி, 14ஏ படிவத்தில் எழுதி, அவருடைய வலது ஆள்காட்டி விரலில் மை வையுங்கள். ஒரே கட்சிக்காரர் நாலு பாட்டிகளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவதை இந்த வலது விரல்தான் நிறுத்தும்.

*கையெழுத்துப் போட்டபின் ஓட்டு வேண்டாம் என்பவர்.* வற்புறுத்தக்கூடாது. 17ஏ குறிப்புக் கட்டத்தில் "வாக்களிக்க மறுத்தார்" என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 17ஏ எண்ணுக்கும் இயந்திரத்து எண்ணுக்கும் நியாயமான வித்தியாசம் இங்கிருந்துதான் வரும்.

*"நான் போட்டது ஒண்ணு, சீட்டுல வந்தது வேற" என்பவர்.* பொய் என்றால் தண்டனை உண்டு என்று முதலில் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொண்டு, முகவர்கள் முன்னால் ஒரு சோதனை ஓட்டுப் போட விடுங்கள். அவர் சொன்னது உண்மையானால் வாக்குப்பதிவை உடனே நிறுத்தி மேலே தகவல் சொல்ல வேண்டும். பொய்யானால் அந்தச் சோதனை ஓட்டை 17ஏ-விலும் 17சி எனும் வாக்குக் கணக்குப் படிவத்திலும் தனியே காட்ட வேண்டும்.

உள்ளாட்சித் தேர்தல் என்றால்

ஊரக உள்ளாட்சியில் இன்னும் காகிதமும் பெட்டியும்தான். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தபோது ஒரு கிராமத்து வாக்காளருக்கு நாலு ஓட்டு. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள், ஊராட்சி வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம். நிறம் மாறிக் கொடுத்தாலோ ஒன்று விட்டுப்போனாலோ மாலையில் கணக்கு இடிக்கும். ஆகவே நாலையும் எண்ணிக் கையில் கொடுங்கள். வாக்குச்சீட்டை முதலில் நெடுக்கில், பிறகு குறுக்கில் மடித்து, மறுபடி பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மடிப்புத் தடத்திலேயே வாக்காளர் மடித்தால் முத்திரை மை வேறு சின்னத்தின் மேல் படியாது. நகர்ப்புறம் வேறு. 2022 பிப்ரவரி 19-இல் தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளில் இயந்திரம்தான்.

கடைசி ஒரு மணி நேரம்

ஆறு மணி அடிக்கும்போது வரிசையில் நிற்பவர் எல்லாருக்கும் ஓட்டு உண்டு. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டுகளை வரிசையின் வாலிலிருந்து கொடுத்து வாருங்கள், கடைசி ஆளுக்கு 1-ஆம் எண். தலையிலிருந்து கொடுத்தால் நீங்கள் வால் போய்ச் சேர்வதற்குள் இன்னும் பத்துப் பேர் வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

கடைசி வாக்காளர் போனதும் 17ஏ-வில் கடைசி எண்ணுக்குக் கீழே கோடு போட்டு, கடைசிப் பதிவு எது என்று எழுதி, தலைமை அலுவலரும் முகவர்களும் கையெழுத்திட வேண்டும். குளோஸ் பட்டன் வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம். கடைசியாகத் திறந்த ஓட்டைப் போடாமல் யாரோ போயிருப்பார், சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்து, விவிபேட் இணைப்பைக் கழற்றி மாட்டி, மறுபடி போட்டால் விளக்கு அணைந்திருக்கும், குளோஸ் வேலை செய்யும். திரையில் வரும் மொத்தத்தை 17சி-யில் எழுதி, முகவர்கள் ஒவ்வொருவருக்கும் கையொப்பமிட்ட நகல் கொடுத்து, வாங்கியதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

மண்டல அலுவலரின் வண்டி வரும்வரை நேரம் இருக்கும். பி3-யிடம் சேர்ந்த சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் ஒருமுறை எண்ணிவிடுங்கள். சேகரிப்பு மையத்தில் நள்ளிரவில் வரிசையில் நிற்கும்போது 17ஏ, 17சி, தலைமை அலுவலர் நாட்குறிப்பு மூன்றும் பைக்குள் புதையாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.